புயல் போன பிறகு மனசை எப்படித் தேற்றிக்கொள்வது: கஜா அடித்த ஊரிலிருந்து சில யோசனைகள்

கஜா அடித்த மறுநாள் எங்கள் ஊரில் யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. அழ நேரமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை, முதலில் வடக்கேயிருந்து அடித்த காற்று கொஞ்ச நேரம் அடங்கி, சரி முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டபோது எதிர்த்திசையிலிருந்து மறுபடி எழுந்து, முதல் காற்றில் ஆடிப்போய் நின்ற மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. விடிந்து பார்த்தால் தெருவே இல்லை, மரங்கள்தான் கிடந்தன. ஆளுக்கொரு அரிவாளை எடுத்துக்கொண்டு பாதையை வெட்டினோம். பேசாத பங்காளிகள்கூட ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒரே அடுப்பில் சோறு ஆக்கித் தெருவே சாப்பிட்டது.

மனசு உடைந்தது அப்புறம்தான். மூன்றாவது வாரம், நான்காவது வாரம். லாரியில் அரிசியும் போர்வையும் கொண்டுவந்த வெளியூர்ப் பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு, டிவிக்காரர்கள் வேறு செய்திக்குப் போன பிறகு. கரண்ட் இன்னும் வரவில்லை, ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது உள்ளூர்க் கிராமங்களுக்கு எப்படி உடனே வரும். அந்த இருட்டில் உட்கார்ந்துதான் ஒவ்வொருவரும் போனதைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தோம்.

உங்கள் ஊரில் இப்போது புயல் அடித்திருக்கிறது என்றால் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: முதல் வாரம் நீங்கள் திடமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது உடம்பு தரும் முறுக்கு. அது இறங்கும்போது கோபம், அழுகை, எதிலும் கை ஓடாமை எல்லாம் வரும். வந்தால் நமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், நம் மனசு பலவீனம் என்றும் நினைக்க வேண்டாம். பேரிடர் நடந்த எல்லா இடத்திலும் பார்க்கிற வரிசைதான் இது. பெரும்பாலோர் மாதங்கள் போகப் போகத் தேறிவிடுகிறார்கள்.

மனசு சரியில்லை என்று நம் ஊரில் யாரும் நேராகச் சொல்வதில்லை, உடம்பு சொல்லும். நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, வாய்க்குச் சோறு இறங்கவில்லை, கை கால் அசதி என்பார்கள். ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் காற்று அடித்தது. மருத்துவ முகாமில் சத்து மாத்திரை வாங்கி வருவார்கள். வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் மாத்திரை கொடுக்கிறவரிடம் "புயலிலிருந்து தூக்கமே இல்லை" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தூக்க மாத்திரையில் பாதி கேட்டு வாங்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். இன்னொன்று, சுகர், பிரஷர், வலிப்பு, மனநல மாத்திரைகள் எல்லாம் மழையில் நனைந்து போயிருக்கும். அவற்றை நிறுத்திவிட்டு மனசு மட்டும் சரியாகும் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் இரண்டு நாளிலேயே மாத்திரைச் சீட்டைத் தேடி எடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். கூரை போன வீடுகளில் எல்லோரும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு படுத்தோம். லேசான காற்றுக்கே அது படபடவென்று அடித்துக்கொள்ளும், அந்தச் சத்தம் கேட்டதும் குடும்பமே எழுந்து உட்கார்ந்துவிடும். எங்கள் அத்தை வீட்டில் ஒரு வாரம் யாரும் தூங்கவில்லை. பிறகு யாரோ சொல்லி, தார்ப்பாய்க்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, ஓரங்களில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு இறுக்கினோம். அன்றைக்கு ராத்திரி தூங்கினார்கள். மனசுக்கு ஆறுதல் என்றால் பேச்சுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கயிறு அதைச் செய்யும் என்று தெரிந்தது அன்றுதான். முழிப்பு வந்துவிட்டால் படுத்துப் புரளாதீர்கள். எழுந்து உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். காதில் விழுகிற சத்தத்துக்கெல்லாம் பேர் சொல்லுங்கள்: இது கீற்று உரசுகிற சத்தம், இது மாடு கொம்பை உரசுகிறது, இது தூரத்தில் ஜெனரேட்டர். இன்றைக்கு ராத்திரி வேறு, அன்றைக்கு ராத்திரி வேறு என்று உடம்புக்குப் புரிய வைக்க இது போதும்.

போனது மரம் மட்டும் இல்லை

எங்கள் பக்கம், பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில், தென்னங்கன்றைக் கன்று என்று சொல்ல மாட்டோம், தென்னம்பிள்ளை என்போம். நட்டு ஐந்தாறு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகுதான் அது பாளை விடும், அதற்கப்புறம் அது நம்மைப் பார்த்துக்கொள்ளும். சித்தப்பா தோப்பில் இருநூறு மரத்துக்கு மேல் சாய்ந்தது. மரம் அறுக்கிற மெஷினோடு ஆட்கள் வந்தபோது கொஞ்சம் இருங்கள் என்று அவர்களை நிறுத்திவிட்டு, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து அதன் தண்டில் இருக்கும் வளையங்களை விரலால் தடவி எண்ணிக்கொண்டிருந்தார். மட்டை விழுந்த தழும்புகள் அவை. வருஷத்துக்குப் பன்னிரண்டு மட்டை என்று வைத்து எண்ணினால் மரத்தின் வயசு வந்துவிடும். "இந்த இடம் தங்கச்சி கல்யாணம் நடந்த வருஷம்டா" என்று என்னிடம் ஒரு வளையத்தைக் காட்டினார். மெஷின்காரர்கள் மணிக்குக் கூலி வாங்குகிறவர்கள், ஆனாலும் டீ குடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். நல்ல மனுஷர்கள்.

அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600 ரூபாயும் அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. அது போதுமா போதாதா என்பது வேறு சண்டை. அந்த வளையத்துக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மரம், படகு, வலை, மாடு, ஆடு, வீட்டு வாசலில் நின்ற வேம்பு, இவற்றுக்காக அழுவது கேவலம் இல்லை. சாவு வீட்டுக்குப் போவது மாதிரி தோப்பு விழுந்தவர் வீட்டுக்கும் போய் உட்காருங்கள். அறுப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு அரை நாள் கொடுங்கள். முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கணக்கெடுப்புக்கும் ஆகும், பிற்பாடு அவருக்கும் ஆகும்.

ஆறுதல் சொல்கிறேன் என்று போகிறவர்கள் தயவுசெய்து "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சொல்லாதீர்கள். உயிர் பிழைத்ததே பெரிசு, சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்களே, அதைப் பார்க்க இது என்ன என்றும் சொல்லாதீர்கள். உண்மைதான், ஆனால் அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். அவர் பாட்டுக்குப் பேசட்டும். பேரிடர் இடங்களில் மன முதலுதவி என்று சொல்லித்தரும் முறையே மூன்று சொல்லில் அடங்கிவிடும்: பார், கேள், சேர்த்துவிடு. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர் சொல்வதைக் கேட்பது, உதவி கிடைக்கிற இடத்தோடு அவரைச் சேர்த்துவிடுவது. என்ன நடந்தது என்று தோண்டித் துருவிக் கேட்பது அதில் இல்லை, முழுக் கதையையும் ஒருமுறை சொல்லி அழுதால் பாரம் இறங்கிவிடும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. பேச வராதவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தாலும் போதும்.

கை நீட்டுவது

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். டெல்டாக்காரனுக்கு வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. பத்து ஏக்கர் தோப்பு வைத்திருந்தவர் மெயின் ரோட்டில் மெழுகுவத்திக்கும் பிரெட் பாக்கெட்டுக்கும் வரிசையில் நின்றார். எங்கள் தெருவில் ஒருவர் நிற்க மாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்தார், அவர் மனைவி விடிவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் அரிசி வாங்கி வந்து, நம் வீட்டில் இருந்ததுதான் என்று சொல்லி ஆக்கிப்போட்டார். கூச்சம் என்பது பசியைவிட மோசமாக ஒரு மனுஷனைத் தின்னும். காற்றையே நினைத்துப் பயந்தவர்களைவிட இந்தக் கூச்சத்தில் நொறுங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

என்ன செய்யலாம்? பொருளை நடுரோட்டில் வைத்துத் தூக்கிப் போடாமல் ஊருக்குள் ஒரு பொது இடத்துக்குக் கொண்டுவந்து, வீட்டுக்கு ஒன்று என்று டோக்கன் போட்டு, ராத்திரியில் வீடு தேடிப் போய் வைத்துவிட்டு வரலாம். வாங்குகிறவர்கள் முகத்தை போட்டோ எடுக்கவே கூடாது, இதில் எனக்குச் சமரசமே இல்லை. அதைவிட முக்கியம், வாங்குகிற கைக்கு ஒரு வேலை கொடுப்பது. வரிசையில் நிற்க மாட்டேன் என்ற அந்த மனிதரிடம் ஒருநாள் ஊர்ப் பையன்கள் போய், "மாமா, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருக்கிறோம், தெருவுக்குத் தெரு டேங்க் ரொப்ப ஆள் வேணும், உங்களுக்குத்தான் மோட்டார் வேலை தெரியும்" என்றார்கள். எழுந்து வந்தார். மாலையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். நீங்களே அந்த நிலைமையில் இருந்தால், யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் ஒரு மூலையைச் சுத்தம் செய்வது, ஒருவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, இந்த அளவுக்குப் போதும். மொத்தத் தோப்பையும் பார்த்தால் கை விழுந்துவிடும், ஒரு மரத்தைப் பாருங்கள்.

கணக்கெடுப்பு நேரத்தில் ஊருக்குள் சண்டை வரும். அவன் வீட்டு ஓடு நாலு உடைந்ததற்குப் பணம் வந்தது, எனக்கு வரவில்லை என்று ஆரம்பித்து, முதல் வாரம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களே பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பசி, தூக்கமின்மை, பயம் எல்லாம் சேர்ந்து கோபமாகத்தான் வெளியே வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வி.ஏ.ஓ.வைப் பார்க்கத் தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள், மனுவுக்கு நகல் எடுத்து வையுங்கள். குழுக் கடனும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் கூரை இல்லாத வீட்டு வாசலில் வாரத் தவணை கேட்டு பைக் வந்து நின்றது, அந்த பைக் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் போய் ஒளிந்துகொண்ட பெண்களை எனக்குத் தெரியும். ஒளிய ஒளியப் பயம் வளரும். குழுவில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, இத்தனை மாதம் அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த இடங்களில் பெண்கள் முகமே மாறியது. மன உளைச்சல் என்று நாம் சொல்வதில் பாதி கடன் உளைச்சல்தான், அதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்து பிரயோஜனமில்லை.

முகாமில் இருக்கிற பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். கழிவறை தூரம், இருட்டு. அதனால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள், பிறகு தலைவலி, எரிச்சல், மயக்கம். இரண்டு பேர் இரண்டு பேராக முறை வைத்து டார்ச்சோடு விழித்திருந்தால் மற்றவர்கள் தூங்கலாம். இதை முதல் நாளே பேசி முடியுங்கள்.

பிள்ளைகள்

பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கவனிக்க வேண்டும். அம்மா முந்தானையை விடாமல் சுற்றும், படுக்கையை நனைக்கும், காரணமில்லாமல் அடம் பிடிக்கும். திட்டாதீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாளைக்குப் புயல் விளையாட்டு விளையாடினார்கள், ஒருவன் ஊய் என்று கத்திக்கொண்டு காற்றாக வருவான், மற்றவர்கள் மரமாக நின்று ஒவ்வொருவராக விழுவார்கள். பெரியவர்கள் சிலர் அபசகுனம் என்று அதட்டினார்கள். வேண்டியதில்லை, அவர்களுக்கு அதுதான் பேச்சு. விழுந்தவர்கள் கடைசியில் எழுந்து நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ அவ்வளவு நல்லது. அதுவரை, நனைந்த நோட்டுப் புத்தகங்களை வெயிலில் காய வைப்பதை அவர்களிடமே விடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் பிரித்து, ஈர்க்குச்சி வைத்து, காற்றில் பறக்காமல் கல் வைத்துக் காவல் இருப்பது ஒரு முழுநாள் வேலை. பிள்ளை "இன்னொரு புயல் வருமா" என்று கேட்டால் வராது என்று பொய் சொல்லாதீர்கள். வரலாம், வந்தால் முன்கூட்டியே சொல்வார்கள், நாம் இன்ன இடத்துக்குப் போவோம் என்று இடத்தின் பெயரையே சொல்லுங்கள்.

உடல் கிடைக்காத வீடு வேறு மாதிரி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள், பலர் திரும்பவே இல்லை. வருவார் என்று நம்பவும் முடியாமல், போய்விட்டார் என்று அழவும் முடியாமல் இருக்கிற வீட்டில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பொட்டை அழிக்கச் சொல்வதும், இன்னும் ஏன் காத்திருக்கிறாய் என்பதும் ஒரே கொடுமைதான். படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா, பூசை எப்போது என்பதையெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் முடிவு செய்யட்டும். அரசாங்கக் காகிதத்துக்காகக் கையெழுத்துப் போட வேண்டி வரும், அந்த நாளில் கூட ஒருவர் போங்கள்.

எப்போது வெளியே உதவி கேட்பது

இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் குளிக்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்தால். ஒரு மாதம் தாண்டியும் காற்றுச் சத்தத்துக்கு நடுங்கி, அந்த ராத்திரியே மறுபடி நடப்பது மாதிரி வியர்த்துப் போனால். குடிக்காதவர் குடிக்க ஆரம்பித்தால், குடிப்பவர் காலையிலேயே ஆரம்பித்தால். டாஸ்மாக் சரக்கு தூக்கம் தருகிற மாதிரி இருக்கும், ஆனால் மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு இன்னும் கீழே தள்ளும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள், எந்தக் கிழமை எங்கே பார்க்கிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசாங்கத்தின் மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கஜா நேரத்தில் அது இல்லை. இருந்திருந்தால் சிலருக்காக நான் அழைத்திருப்பேன்.

"நான் இல்லாட்டி நீங்களாவது நல்லா இருப்பீங்க" என்ற மாதிரி ஒருவர் பேசினால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் கேட்டதும் கொஞ்சம் இளகும். அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள், அவரிடம் சொல்லிவிட்டே செய்யலாம். அந்த மோசமான சில மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். பிறகு 14416, அவசரம் என்றால் 108.

மறு ஐப்பசி

ஆறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அடுத்த ஐப்பசியில் வானம் கறுத்து, ராமநாதபுரமோ கடலூரோ என்று டிவியில் வரைபடம் சுழல ஆரம்பித்ததும் வயிற்றைப் பிசையும். இது எங்களுக்கு வருஷா வருஷம் வருகிறது, சொல்லப்போனால் இப்போதும் வருகிறது. நாள் முழுக்க டிவியும் வாட்ஸ்அப் ஆடியோவும் வேண்டாம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்தால் போதும். மற்ற நேரத்தில் கையை வேலையில் வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பதினைந்து நாள் மாத்திரை, டார்ச், தீப்பெட்டியோடு ஒரு பையில் தொங்கவிடுங்கள். வீட்டை ஒட்டிய மரத்தின் காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குங்கள். புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஒருமுறை பகலில் குடும்பத்தோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பயம் போகாது, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பயம் போய்விடும்.

காற்று கூடுகிற ராத்திரியில் யார் யாரைக் கூப்பிடுவது என்றும் முன்பே பேசி வையுங்கள். நான் அத்தையைக் கூப்பிடுவேன். ஒரு மணி, ஒன்றரை மணி என்றாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். "நீயும் தூங்கலையா" என்பார். "தார்ப்பாயா கட்டியிருக்கோம், இப்பதான் காங்கிரீட்டு போட்டாச்சே, படு" என்று எனக்கே சொல்வார். சொல்லிவிட்டு அவரும் வைக்க மாட்டார், அரை மணி நேரம் மாடு கன்று போட்ட கதையைப் பேசிக்கொண்டிருப்போம்.